நியூ ஜெர்சியில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

டெக்சாஸில் இருக்கும் என் நண்பர் கைத்துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டே கடைக்குப் போய் வருவார். அங்கே அது சாதாரணம். அதே துப்பாக்கியை அதே மாதிரி வைத்துக்கொண்டு நியூ ஜெர்சியின் எடிசனில் ஒரு தெருவைத் தாண்டினால், ஐந்திலிருந்து பத்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். கிரேவ்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி அந்தத் தண்டனையில் குறைந்தது 42 மாதம் பரோலே கிடையாது.

2013-ல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு இளம் தாய் காரில் நியூ ஜெர்சிக்குள் வந்தார். தன் மாநிலத்தில் முறையாக உரிமம் வாங்கியவர். போக்குவரத்து போலீஸ் நிறுத்தியதும், துப்பாக்கி இருக்கிறது என்று தானாகவே சொன்னார். கைது செய்தார்கள். 2015-ல் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கும் வரை அந்த வழக்கின் நிழல் அவரை விடவில்லை. வெளிமாநில உரிமம் எதையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த மாநிலத்தின் சட்டம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 2சி:39-5 என்ற பிரிவு, அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்கிறது. அதற்கு அடுத்த பிரிவான 2சி:39-6, இன்னின்ன இடத்தில், இன்னின்ன காரணத்துக்காக இருந்தால் குற்றமில்லை என்று விலக்குகளை அடுக்குகிறது. அதாவது உங்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பதும், சுடுதளத்துக்கு எடுத்துப்போவதும் விதிவிலக்குகள்தான். அந்தக் கோட்டுக்குள் நிற்கும் வரை சட்டம் உங்கள் பக்கம். ஒரு அடி வெளியே வைத்தால் நீங்கள் குற்றவாளி.

அதனால் நான் எப்போதும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். துப்பாக்கி இந்த நிமிடம் எங்கே இருக்கிறது? ஏன் அங்கே இருக்கிறது? அது எந்த விதிவிலக்கில் அடங்குகிறது? மூன்றுக்கும் உடனே பதில் வராவிட்டால் துப்பாக்கிப் பெட்டியை நகர்த்துவதில்லை. நான் வழக்கறிஞர் இல்லை. பெட்டிக்கடைப் பேச்சை நம்பாமல் சட்டப் பிரிவையே எடுத்துப் படிக்கும் பழக்கமுள்ள, குறி பார்த்துச் சுடுவதை நேசிக்கும் ஒருவன். உங்கள் நிலைமை கொஞ்சம் சிக்கலாக இருந்தாலும் வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

முதல் படி: உங்கள் விசா என்ன?

நம்மவர்கள் பலர் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எச்-1பி, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. சொந்தமாக வாங்கினால்தான் என்றில்லை. லாஸ் வேகஸ் போகும்போது நண்பர்களோடு சேர்ந்து ரேஞ்சில் (சுடுதளத்தில்) வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துச் சுடுவதும் சட்டத்தின் பார்வையில் வைத்திருப்பதுதான். அதைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் நம் கையாலேயே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருந்தால் ஒரு விலக்கு உண்டு. ஆனால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். ஆனால் குடியுரிமை கிடைக்காத ஒருவருக்கு ஆபத்து இரட்டிப்பு. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றாலே நாடு கடத்த அதுவே காரணமாகிவிடும். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் அதே தவறுக்கு அவர் சிறைக்குப் போவார், நீங்கள் சிறைக்கும் போய் அப்புறம் ஊருக்கும் திரும்ப வேண்டியிருக்கும். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இங்கே இருக்க. இதனால்தான் கிரீன் கார்டில் இருக்கும் நண்பர்களிடம், அவசரமில்லை என்றால் குடியுரிமை வரும் வரை பொறுங்கள் என்று சொல்கிறேன்.

வயது: நீளத் துப்பாக்கிகளான ரைபிள், ஷாட்கன்னுக்கு 18, கைத்துப்பாக்கிக்கு 21.

இரண்டாம் படி: கார்டும் பர்மிட்டும்

இரண்டு தனித்தனி ஆவணங்கள். ஒன்று, துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை. எல்லோரும் எஃப்ஐடி கார்டு என்பார்கள். இது இருந்தால் ரைபிளும் ஷாட்கன்னும் வாங்கலாம், கைத்துப்பாக்கித் தோட்டா வாங்கவும் இது வேண்டும். மற்றொன்று கைத்துப்பாக்கி வாங்கும் பர்மிட். ஒரு பர்மிட்டுக்கு ஒரே ஒரு துப்பாக்கி. 90 நாள் செல்லும், தக்க காரணம் சொன்னால் இன்னும் 90 நாள் நீட்டிப்பார்கள். 30 நாளைக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்க முடியாது. 2022 டிசம்பரில் வந்த சட்டம் கட்டணத்தை ஏற்றிவிட்டது: கார்டுக்கு 5 டாலராக இருந்தது 50 ஆனது, பர்மிட்டுக்கு 2 டாலராக இருந்தது 25 ஆனது. அதே 2022-ல் முதல்முறை கார்டு வாங்குபவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயமாக்கப்பட்டது. புதிய கார்டுகளில் படம் இருக்கும், பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் மாநில போலீசின் இணையதளத்தில். உங்கள் ஊர் போலீஸ் நிலையத்துக்கு என ஒரு குறியீட்டு எண் உண்டு, அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் தனி போலீஸ் இல்லாவிட்டால் மாநில போலீஸ் நிலையம்தான். முதல்முறை என்றால் கைரேகை கொடுக்க வேண்டும். மனநல ஆவணங்களைத் தேட ஒப்புதல் கையெழுத்தும் கேட்பார்கள்.

உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய சாட்சியாக, உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயர் தர வேண்டும். இங்கேதான் பலரின் விண்ணப்பம் வாரக்கணக்கில் தூங்குகிறது. அவர்களுக்கு மின்னஞ்சல் போகும், அது ஸ்பாமில் விழும், அவர்கள் பார்க்க மாட்டார்கள், நீங்கள் போலீசைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். யாரைக் கேட்கப்போகிறீர்களோ அவரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். தமிழ்ச் சங்கத்தில் பத்து வருடப் பழக்கம் என்றாலும், துப்பாக்கி என்றதும் சிலர் முகம் மாறும். அது அவர்கள் உரிமை. சங்கடத்தோடு ஒப்புக்கொள்பவரை விட மனமுவந்து வருபவரே நல்லது.

படிவத்தில் ஒரு கேள்வி, மனநலப் பிரச்சினைக்காக எப்போதாவது மருத்துவரையோ மனநல நிபுணரையோ பார்த்ததுண்டா என்று கேட்கிறது. ஆம் என்று எழுதினாலே மறுத்துவிடுவார்கள் என்பது தவறான எண்ணம். விவரமும் மருத்துவரின் கடிதமும் கேட்கலாம். பொய் எழுதுவதுதான் குற்றம், அதுவும் மூன்றாம் நிலைக் குற்றம். இன்னொன்றையும் மனதாரச் சொல்கிறேன். கார்டு போய்விடுமோ என்று பயந்து சிகிச்சைக்குப் போகாமல் இருக்காதீர்கள். மனம் தளர்ந்திருக்கும்போது வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே நல்லது. கார்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

சட்டம் 30 நாளில் தர வேண்டும் என்கிறது. எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், தேதியோடு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்தேன். மறுத்தால், மறுப்பு வந்த 30 நாளுக்குள் உங்கள் கவுன்ட்டியின் உயர்நிலை நீதிமன்றத்தில் விசாரணை கேட்கலாம். அந்த 30 நாளைத் தவற விட்டுவிடாதீர்கள்.

வேறு மாநிலத்திலிருந்து துப்பாக்கியோடு குடிமாறி வருபவரா? 60 நாளுக்குள் கார்டு வாங்கி, அங்கே வாங்கிய துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும். மூட்டை கட்டும் முன்பே, அடுத்த பகுதியில் சொல்லப்போகும் தடைப்பட்டியலோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தடை உள்ளதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த பின் யோசிப்பதில் பயனில்லை.

மூன்றாம் படி: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் மாட்டும் கூட்டில், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. 1990-ல் இந்த வரம்பு 15 ஆக இருந்தது, 2018-ல் 10 ஆக்கினார்கள். அதுவரை சட்டப்படி வைத்திருந்த சாதாரண மக்களும் 180 நாளுக்குள் மாற்றியமைக்கவோ விற்கவோ ஒப்படைக்கவோ வேண்டியிருந்தது. ஆகவே பழைய பெட்டியில் 15 தோட்டா மேகசின் ஒன்று கிடந்தால், அன்றைக்குச் சரிதானே என்ற வாதம் செல்லாது. பென்சில்வேனியா கடையில் 17 தோட்டா மேகசின் அலமாரியில் தொங்கும். வாங்கிக்கொண்டு டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டாதீர்கள்.

தாக்குதல் ரகத் துப்பாக்கிகளின் பட்டியல் 1990-ல் ஆளுநர் ஜிம் ஃப்ளோரியோ காலத்தில் வந்தது. பெயர் குறிப்பிட்ட மாடல்களோடு, அவற்றைப் போலவே இருப்பவையும் தடை. மேகசினைக் கழற்றி மாட்டக்கூடிய அரைத் தானியங்கி ரைபிளில் (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா சுடுவது) மடக்கும் கட்டை (தோளில் ஊன்றும் பின்பகுதி), பிஸ்டல் பிடி, தீப்பொறி மறைப்பான் போன்ற அம்சங்களில் இரண்டு சேர்ந்தாலே சிக்கல். இந்த மாநிலத்துக்கென்றே மாற்றியமைத்த மாடல்களைக் கடைகளில் விற்கிறார்கள். வாங்கிய பின் உதிரிப்பாகம் மாற்றும் ஆசை வந்தால், ஒரு கட்டையை மாற்றியதால் துப்பாக்கியே தடைப்பட்டியலுக்குள் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஹாலோ பாயின்ட் தோட்டாவை (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் தோட்டா) வீட்டில் வைத்திருக்கலாம், கடையிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து சுடுதளத்துக்கும் கொண்டுபோகலாம். சட்டம் அடுக்கும் விலக்குகளைத் தாண்டி வேறெங்கும் கூடாது. சுமந்து செல்லும் உரிமம் இருப்பவர் கூட அதை இடுப்பில் நிரப்பிக்கொண்டு போக முடியாது.

அடுத்தது ஏர்கன். ஊரில் குறிப்பிட்ட சக்திக்குக் கீழே உள்ள ஏர்கன்னை லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம், நம்மில் பலர் சிறு வயதில் திருவிழாவில் பலூன் சுட்டவர்கள். இங்கே சிறு உருண்டைக் குண்டு சுடும் பிபி கன்னும் ஏர்கன்னும் சட்டப்படி துப்பாக்கியேதான். ஏர் ரைபிளுக்குக் கார்டு, ஏர் பிஸ்டலுக்குப் பர்மிட். தோட்டத்து அவரைக்கொடியைக் கிரவுண்ட்ஹாக் (வளை தோண்டும், அணில் இனத்து விலங்கு) தின்கிறது என்று என் மாமனார் ஒரு ஏர்கன் ஆர்டர் செய்யச் சொன்னார். நல்லவேளை, என்னிடம் கேட்டார். விசிட்டர் விசாவில் வந்தவர் அவர். கம்பிவலை போட்டோம். உண்டிவில் கூட, நியாயமான காரணம் சொல்ல முடியாமல் கையில் இருந்தால் குற்றமாகக் கூடிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது.

தனியாரிடம் வாங்கினாலும் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கைமாற வேண்டும். நெருங்கிய குடும்பத்தினருக்கு விலக்குண்டு, ஆனாலும் அவர்களுக்கும் கார்டு, பர்மிட் வேண்டும்.

நான்காம் படி: வீட்டுக்குள்

16 வயதுக்குட்பட்ட பிள்ளை எடுக்கக்கூடிய இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைத்தால் குற்றம். சட்டம் சொல்வது அவ்வளவே. நான் அதோடு நிற்பதில்லை. துப்பாக்கி சுவரோடு திருகிய பெட்டகத்தில், தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். கொலுவுக்கு வீடு நிறைய ஆள் வரும். யாரோ ஒரு குழந்தை கழிவறை தேடி மாடிக்குப் போகும். நம் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்திருக்கலாம், வந்த பிள்ளைக்கு யார் சொன்னது?

ஊரிலிருந்து பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள் என்றால், பெட்டகத்தின் எண்ணை அவர்களிடம் சொல்லாதீர்கள். அவர்களும் தற்காலிக விசாவில்தான் இருக்கிறார்கள். எண் தெரிந்து, எடுக்க முடியும் என்ற நிலை இருந்தால், அவர்களும் வைத்திருந்ததாகவே வழக்கில் வாதிட முடியும்.

நாமே ஊருக்குப் போகும்போது? நான்கு வாரம் வீடு பூட்டிக்கிடக்கும், நண்பர் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். கூடாது. கைத்துப்பாக்கியை ஒருவரிடம் ஒப்படைப்பது கைமாற்றம், அதற்குப் பர்மிட் வேண்டும். பெட்டகத்திலேயே விட்டுப் போங்கள், அல்லது கட்டணத்துக்குப் பாதுகாத்துத் தரும் உரிமம் பெற்ற கடையைத் தேடுங்கள்.

மனைவியும் கணவரும் இருவருமே கார்டு வாங்கி வைப்பது நல்லது. ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும்போது வீடு மாற வேண்டியிருந்தால், மற்றவர் சட்டப்படி தொட்டுத் தூக்க முடிய வேண்டுமே.

ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் படத்தோடு குறித்து, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். தொலைந்ததோ திருடு போனதோ தெரிந்த 36 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும். எண் கையில் இல்லாமல் என்ன சொல்வீர்கள்?

ஐந்தாம் படி: காரில்

என் அனுபவத்தில், நல்லவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். சட்டம் கேட்பது மூன்று. தோட்டா இல்லாமல் இருக்க வேண்டும். மூடிக் கட்டிய உறையிலோ பெட்டியிலோ, அல்லது பூட்டிய டிக்கியிலோ இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு, வழியில் நியாயமான தேவைக்கு மட்டும் நின்று, போக வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடங்கள் என்றால் வீடு, சுடுதளம், துப்பாக்கிக் கடை, பழுது பார்ப்பவர், வேட்டைக்களம் போன்றவை. நான் இரண்டையும் செய்கிறேன்: பூட்டிய பெட்டி, அது டிக்கியில், மேகசின்கள் காலியாக.

மூன்றாவது நிபந்தனையில்தான் வழுக்கல். பெட்ரோல் போட, கழிவறைக்குப் போக நிற்பது நியாயமான தேவை. சனிக்கிழமை காலை அசன்பிங்க் வனப்பகுதியின் சுடுதளத்துக்குப் போய்விட்டு, வரும் வழியில் ஓக் ட்ரீ ரோடில் கறிவேப்பிலை வாங்க நிறுத்தினால்? அப்படியே பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரா கோவிலில் ஒரு தரிசனம்? சட்டத்தில் இதற்கு நேரான பதில் எழுதியிருக்கவில்லை. தீர்மானிப்பது போலீசும் அரசு வழக்கறிஞரும் நீதிபதியும். ஒருமுறை நான் அப்படி டிக்கியில் துப்பாக்கியோடு கோவில் வாகன நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டேன். இன்ஜினை அணைத்த பிறகுதான் உறைத்தது. இறங்காமல் வீட்டுக்குத் திரும்பி, பெட்டகத்தில் வைத்து, குளித்துவிட்டு மறுபடி வந்தேன். அன்றிலிருந்து ரேஞ்சுக்குப் போகும் நாளில் வேறு வேலை எதையும் சேர்த்துக்கொள்வதில்லை.

ரேஞ்ச் பையைத் தனியாக வையுங்கள். அலுவலகப் பையையோ விமானப் பயணப் பையையோ ரேஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். மூலையில் ஒட்டிக்கொண்ட ஒரு தோட்டா, மூன்று மாதம் கழித்து விமான நிலைய ஸ்கேனரில் தெரியும்.

போலீஸ் நிறுத்தினால் கை ஸ்டியரிங் மேல். கேட்டதற்குப் பொய் சொல்லாதீர்கள். காரைச் சோதிக்க அனுமதி கேட்டால், ஒப்புக்கொள்ளவில்லை என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் சாலையோரத்தில் சட்டம் பேச வேண்டாம். அது வழக்கறிஞர் பேசும் இடத்துக்கு வரட்டும்.

ஆறாம் படி: மாநில எல்லை

சட்டப்படி வைத்திருக்கும் ஓரிடத்திலிருந்து சட்டப்படி வைத்திருக்கும் இன்னோரிடத்துக்கு, இடையில் உள்ள கடும் மாநிலங்களைக் கடந்து போக 1986-ன் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. துப்பாக்கி காலியாக, பயணிகள் கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில், ஆனால் டாஷ்போர்டு அறையில் கூடாது.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு வழக்கு. 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் புறப்பட்ட ஒருவர், நியூ ஜெர்சியின் நூவர்க் விமான நிலையத்தில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பையை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில், துப்பாக்கி இருப்பதை அவரே அறிவித்தார். கைதானார். வழக்கு பின்னால் கைவிடப்பட்டது, ஆனால் அவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கை மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் ஏற்கவில்லை. ஹோட்டலில் பை கை எட்டும் இடத்தில் இருந்ததால் பாதுகாப்பு பொருந்தாது என்பது தீர்ப்பு. ஆகவே இந்த மாநிலம் வழியாகப் பறப்பவர் விமானம் தவறினால் பையைக் கையில் வாங்காமல், விமான நிறுவனத்தின் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும். நியூயார்க் நகரத்துக்குள் போவது இன்னும் கடினம், அந்த நகரத்துக்குத் தனி உரிமம். அந்த நகரத்தின் ஒரு பகுதியான ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் போகும் பாலத்தைக் குறுக்குவழியாக நினைக்க வேண்டாம்.

இடுப்பில் வைத்துச் செல்வது

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தந்த ப்ரூன் தீர்ப்புக்குப் பிறகு, சாதாரணக் குடிமக்களும் சுமந்து செல்லும் உரிமம் பெறும் வழி திறந்தது. கட்டணம் 200 டாலர், இரண்டாண்டு செல்லும், நான்கு சாட்சிகள், சுட்டுக் காட்டும் தேர்வு. எங்கெல்லாம் கொண்டுபோகக்கூடாது என்ற பட்டியல் மிக நீளம். அதில் பல பகுதிகள் மீது வழக்கு நடக்கிறது, தீர்ப்புக்குத் தீர்ப்பு நிலைமை மாறுகிறது. நான் இந்த உரிமம் வாங்கவில்லை. பள்ளி, பூங்கா, மருத்துவமனை என்று என் ஒரு நாளின் பாதி இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் கழற்றி மாட்டுவதில் வரும் பிழையே எனக்குப் பெரிய அபாயமாகப் படுகிறது.

ஏழாம் படி: வீட்டில் பிரச்சினை வந்தால்

குடும்ப வன்முறைப் புகாரில் தற்காலிகத் தடை உத்தரவு வந்தாலே போலீஸ் துப்பாக்கிகளை எடுத்துக்கொள்ளும். இறுதி உத்தரவு வந்தால் உரிமையே போகும். 2019 செப்டம்பரிலிருந்து, ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கலாம் என்று குடும்பத்தினரோ போலீசோ நீதிமன்றத்தில் மனுச் செய்து துப்பாக்கியை அகற்றவும் வழியுண்டு. உத்தரவோடு போலீஸ் வாசலுக்கு வந்தால் வாதாடாதீர்கள், ஒளிக்காதீர்கள். எடுத்துக் கொடுத்து ரசீது வாங்குங்கள், மறுநாள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கஞ்சா இந்த மாநிலத்தில் 2022 ஏப்ரலிலிருந்து கடையில் விற்கிறது. ஆனால் துப்பாக்கிக் கடையில் நீங்கள் நிரப்பும் கூட்டாட்சிப் படிவம் 4473, மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் சரி, கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்று தெளிவாகக் கேட்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வேண்டாத துப்பாக்கியை ஒப்படைக்க நினைத்தால், அதைத் தூக்கிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு நடக்காதீர்கள். தேதியும் நேரமும் குறிப்பிட்டு முதலில் எழுத்தில் தெரிவியுங்கள், அவர்கள் சொல்லும் விதத்தில் செய்யுங்கள்.

உரிமையாளர் இறந்தால், வாரிசு தகுதியுள்ளவராக இருக்கும் வரை பர்மிட் இல்லாமலே சொத்தாகப் பெறலாம். தகுதியில்லாத வாரிசுக்கு அதை விற்க 180 நாள் அவகாசம். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கும் நினைவு வராது. அதனால் என் பெட்டகக் கதவின் உட்புறம் தமிழில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், அதன் பிரதி மனைவியின் கோப்பில் இருக்கிறது. துப்பாக்கிகளின் பட்டியல், வரிசை எண்கள், வழக்கறிஞரின் எண், உரிமம் பெற்ற கடைக்காரரின் எண். மேலே பெரிய எழுத்தில்: எதையும் காரில் ஏற்றாதே, முதலில் இந்த இரண்டு பேருக்கும் போன் செய்.